மாரீஸ்வரியும் ஒல்லி டயரும்

1

“...கார்ல வாங்க, ஏரோப்ளேன்ல வாங்க, அத நான் கேக்கல. சைக்கிள மட்டும் அங்கன ஒத்தையா நிப்பாட்டிட்டு வந்துறாதீக. அங்கனயே இருங்க. நான் வாரேன்.”

இவ்வளவையும் சொல்லிவிட்டு மாரீஸ்வரி போனை வைத்துவிட்டாள். மாரீஸ்வரி என் மனைவி. போனைக் கையில் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தது, இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்துக்கு வெளியே, அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனியின் சைக்கிள் கொட்டகையில். மதியம் இரண்டு மணி. காலை ஷிப்ட் முடிந்திருந்தது. முன் டயரில் பொட்டுக் காற்றில்லாமல் என் சைக்கிள் கம்பியில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு மாரெக் நின்றான். போலந்துக்காரன், என்னோடு மெஷினில் நிற்பவன். வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று அவனாகவே வந்தவன்.

“வீட்டில் என்ன சொல்கிறார்கள்?” என்றான்.

“நீ கிளம்பு. அவள் இங்கே வருகிறாள்.”

“எதற்கு?”

அதற்கு இங்கிலீஷில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் பஸ் பிடித்து வந்து சேரவும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டகையில் நின்று நான் நினைத்ததைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் திருத்தங்கலில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவன். பத்தாவதோடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் மெஷினைப் பிரித்தும் பூட்டியும், வந்து போகிற ஆட்களிடம் வாய் கொடுத்தும் கற்றுக்கொண்டதுதான். இங்கிலீஷும் அப்படியே. எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி ஒருவர் சொல்லுவார்: “மெஷின் சத்தம் மாறுச்சுன்னா சோத்துத் தட்ட அப்படியே வச்சிட்டு ஓடணும்லே. கை கழுவ நேரம் கெடையாது.” நாலு வருசத்துக்கு முன்பு இங்கே வேலை பார்க்க வந்தபோது நான் கொண்டுவந்த சொத்து அந்தக் காதுதான்.

காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஏழு மைல். அஞ்சு மணி பஸ் ஒன்று இருந்தது. இந்த வருசம் அதை நிறுத்திவிட்டார்கள். கம்பத்தில் ஒரு காகிதத்தை ஒட்டியதோடு சரி. அதை நான் படிக்காமலேயே இரண்டு நாள் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறேன். அடுத்த பஸ் கம்பெனி வாசலுக்கு வரும்போது ஆறே கால்.

கார் வாங்கிக்கொள் என்பீர்கள். நம் ஊர் லைசென்ஸ் இங்கே முதல் வருசத்துக்கு மட்டும்தான் செல்லும். இந்த ஊர்ப் பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டேன். சிவகாசி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் புல்லட் ஓட்டியவன், இங்கே காலியாகக் கிடக்கிற ரவுண்டானாவில் யாருக்காகவோ காத்து நின்றேன் என்று தோற்கடித்தார்கள். மூன்றாவது பரீட்சைக்குத் தேதி கிடைக்க இன்னும் பல மாதம்.

அதற்குள் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. இரண்டுக்கும் கடிதம் வந்தது. இரண்டாவதை வாசித்துச் சொன்னது எங்கள் மகள் ஹரிணி. பன்னிரண்டு வயசு. வீட்டுக்கு வருகிற சர்க்கார் காகிதம், பள்ளிக்கூடக் காகிதம், கம்பெனிக் காகிதம் எல்லாம் அவள் கையில்தான் முதலில் போகும். வாசிக்கும்போது அவள் முகம் பெரிய மனுசி முகமாகிவிடும்.

“அப்பா, ஃபர்ஸ்ட் லெட்டர்ல வார்னிங்னு இருந்துச்சு. இதுல ஃபைனல் வார்னிங்னு இருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா?”

“இல்லப்பா.” நிறுத்தி, “அடுத்த வாட்டி லேட் ஆனா, நம்ம இங்க இருக்க முடியுமா?” என்றாள்.

பிள்ளை நேராகக் கேட்டுவிட்டது. எங்கள் விசா இந்தக் கம்பெனி கொடுத்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வேறு கம்பெனி தேடக் கொஞ்ச நாள் தருவார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுக்கு இப்போது தமிழ் பேச வருகிறது, எழுத மறந்துவிட்டது. திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் அவளை எந்த வகுப்பில் உட்கார வைப்பேன்? அன்றிலிருந்து காலை மூன்றரைக்கே எனக்கு விழிப்பு வந்துவிடும். அலாரத்துக்கு வேலையே இல்லை.

3

சைக்கிள் என்று முடிவெடுத்ததும் முதலில் மச்சானிடம் சொன்னேன். மாரீஸ்வரியின் அண்ணன், திருத்தங்கலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

“என்ன மாப்ள, இங்கன புல்லட்டுல போன மனுசன் அங்கன போயி சைக்கிளுக்கு எறங்கிட்டீகளே! அடுத்து நடந்துதான் போவீக போல. ஊருக்குள்ள யார்ட்டயும் சொல்லிறாதீக, பொண்ணு குடுத்த எங்களுக்குல்ல அசிங்கம்.”

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் நம் பக்கம் சைக்கிளை விட்டு பைக்குக்கு ஏறுவதுதான் ஒருத்தன் நிமிர்ந்ததற்கு அடையாளம் என்பது எனக்கும் தெரியும்.

இங்கே ஏழு மைலை முக்கால் மணியில் எட்ட வேண்டும். வழியில் ஒரு நீள ஏற்றம் உண்டு. பால்காரர் சைக்கிள் மாதிரி கனமான வண்டியில் ஏறினால் கம்பெனியில் போய் மூச்சு வாங்கவே கால் மணி ஆகும். மாரெக்தான் சொன்னான்: ரோடு சைக்கிள் வாங்கு, விலை குறைந்த ஆரம்ப ரகமே போதும், கனம் இல்லாமல் ஓடும். ஒரு பழைய சைக்கிள் கடையின் விலாசமும் கொடுத்தான்.

ஹரிணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் தாடி வைத்த பெரியவர், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். சுவரில் வரிசையாகத் தொங்கிய சைக்கிள்களைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கைப்பிடி ஆட்டுக்கொம்பாக வளைந்து கிடக்கிறது. சீட் கத்தி மாதிரி. டயரோ என் கட்டை விரல் அகலம்தான். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மணி இல்லை, மட்கார்டு இல்லை.

“சாப்பாட்டுத் தூக்கை எங்கம்மா மாட்டுறது? கேளு.”

“அப்பா, ப்ளீஸ். அதெல்லாம் கேக்க மாட்டேன்.”

நானே கேட்டேன். என் இங்கிலீஷையும் கையாட்டலையும் பார்த்து அவள் நாலு அடி தள்ளிப் போய், விற்பனைக்கு இருந்த தலைக்கவசங்களைக் கவனமாகப் பார்ப்பது போல நின்றாள். கடைக்காரருக்கோ புரிந்துவிட்டது. கேரியரும் மட்கார்டும் பூட்டச் சட்டத்தில் ஓட்டை உள்ள சைக்கிள் ஒன்றை இறக்கிக் கொடுத்தார். கறுப்பு, அலுமினியம். யாரோ ஒரு மாணவர் ஒரே வருசம் ஓட்டிவிட்டு விற்றதாம். பொருத்தமான உயரம். புதிதின் விலையில் பாதிக்கும் கீழே.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். குனிந்து, பெடலைக் கையால் சுற்றிவிட்டு, சட்டத்தில் காதை வைத்தேன். ஹரிணி அங்கிருந்தே, “அய்யோ அப்பா” என்றாள். நாலாவது சுற்றில் உள்ளே ஒரு கரகரப்பு. பெடல் பூட்டியிருக்கும் அச்சைத் தொட்டுக் காட்டி, “இங்கே, பேரிங்” என்றேன். பெரியவர் தானும் காதை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உள்ளே தூக்கிப் போய்ப் பேரிங்கை மாற்றிக் கொண்டுவந்தார். திரும்பி வரும் வழியில் ஹரிணி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் அவள் என் கையைப் பிடித்து வெகுநாள் ஆகிறது.

கடைக்காரர் கடைசியாகச் சொன்னதை அவள்தான் எனக்கு விளக்கினாள். “டயர்ல காத்து எப்பவும் நைன்டி இருக்கணுமாம்பா. வாரா வாரம் பாக்கணுமாம். குறைஞ்சா பஞ்சர் ஆகிடுமாம்.” காற்றின் அளவை முள் காட்டுகிற உயரமான கைப்பம்பு ஒன்றும், பையில் வைக்கச் சின்னப் பம்பு ஒன்றும், இரண்டு டியூபும், டயரைக் கழற்றப் பிளாஸ்டிக் கரண்டிகள் மூன்றும் வாங்கிக்கொண்டோம்.

4

சைக்கிள் வீட்டுக்குள் வந்ததும் மாரீஸ்வரி சட்டத்தைப் பார்க்கவில்லை, கைப்பிடியைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து பெருவிரலால் டயரை அமுக்கினாள். அமுங்கவில்லை. கல் மாதிரி இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“என்னங்க இது, இம்புட்டு இறுக்கமா அடைச்சு வச்சிருக்கு?”

“அப்படித்தான் இருக்கணுமாம்.”

“எவஞ் சொன்னான்? இறுக்கி அடைச்சா வெடிக்கும்ங்க. எனக்கா தெரியாது?”

அவளுக்குத் தெரியாதுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தாயில்பட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருசம் பட்டாசுக் கம்பெனியில் திரி வைத்தவள். தளர்வாக அடைத்தால் புஸ்ஸென்று போகும், இறுக்கி அடைத்தால்தான் சத்தம் என்பது அவள் விரலுக்குத் தெரியும். இங்கேயும் குளிர் தொடங்கும் சமயத்தில் ஒரு வாரம் வெடி போடுகிறார்கள். அந்த வாரம் முழுக்க ஜன்னலைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். முதல் வருசம் முதல் வெடிச் சத்தத்துக்கே, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, எந்தத் திசையில் புகை என்று பார்த்தவள்.

அவள் அப்பா வெடிமருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவர். நம் பக்கத்துக் கம்பெனிகளில் வண்டி எதையும் உள்ளே விட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிள்கள் நிற்கும். அவள் பத்தாவது படிக்கையில் ஒரு நாள் அந்தக் கம்பெனியில் சத்தம் கேட்டது. ஊரே கேட்டுக்கு ஓடியது. உள்ளே விடவில்லை. தப்பி வந்தவர்கள் ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் ஆளைத் தேடவில்லையாம், சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். சாயங்காலம் மூன்று சைக்கிள் மிச்சம். ஒன்று அவள் அப்பாவுடையது.

அவர் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகும் சைக்கிள் அங்கேயே நின்றது. எடுத்து வரச் சொல்லி அவள் அம்மா அவளைத்தான் அனுப்பினாள். மரத்தடி வரைக்கும் போயிருக்கிறாள். “ஏத்தா, ஒங்க அப்பன் வண்டியா? உருட்டிட்டுப் போத்தா” என்றிருக்கிறார் வாட்ச்மேன். தொடாமல் திரும்பி ஓடி வந்துவிட்டாள். பிறகு யாரும் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். ஜன்னல் பக்கம் உட்கார மாட்டாளாம்.

கல்யாணமான இத்தனை வருசத்தில் இதை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. சைக்கிள் வீட்டுக்குள் வந்த அன்றுதான்.

“கம்பெனிக்குப் போங்க. வேண்டாம்னு சொல்லல. பிள்ளை படிப்பு இருக்கு” என்றாள். “இது பஞ்சரானா என்ன செய்வீக? இப்பயே செஞ்சு காட்டுங்க.”

ஹரிணி போனில் ஒரு வீடியோவைப் போட, மூன்று பேருமாகக் கூடத்தில் உட்கார்ந்து டயரைக் கழற்றி மாட்டிப் பழகினோம். நான் முனகி முக்கி மாட்டினேன். திரி வைத்த விரல்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. பிளாஸ்டிக் கரண்டியைத் தட்டிப் பார்த்து, “இரும்பு இல்ல. புத்தியுள்ளவன் செஞ்சிருக்கான்” என்றாள். பட்டாசு அறையில் இரும்பு உரசினால் பொறி பறக்கும், பித்தளைதான் புழக்கம். வால்வு முனையில் இருந்த குட்டிப் பித்தளைத் திருகைக் கண்டதும் கொஞ்சம் சமாதானமானாள். அதைத் தளர்த்தி, முனையை அமுக்கினால் காற்று இறங்கும் என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்துக்கொண்டாள்.

5

முதல் நாள் கம்பெனிக்குப் போய், கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தைத் தேடி, அதில் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். உள்ளேயே கொட்டகை இருப்பதை மாரெக் சொன்னான். “மழையில் ஏன் நனைய விடுகிறாய்?” என்று கேட்டான். உள்ளே வண்டி கொண்டுபோகலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி நான் சிரித்தேன். மாரீஸ்வரி சிரிக்கவில்லை.

அப்புறம் தினமும் அஞ்சு மணிக்குக் கிளம்புவேன். அவள் முன்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சைக்கிளின் சிவப்பு விளக்கு தெருமுனையில் திரும்பும் வரை நிற்பாள். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். டீ இடைவேளைக்குள் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். பயம் எனக்கும் இருந்தது. பின்னால் லாரி வரும் சத்தத்தில் முதுகு தானாக இறுகும். ஏற்றத்தில் செயின் சத்தம் மாறினால் இறங்கிப் பார்ப்பேன். ஆனால் ஒரு மாதம் ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. ஞாயிறுதோறும் தொண்ணூறு வரை அடித்து வைப்பேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் முள் அறுபதைத் தாண்டாது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. பழைய வால்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மெஷினில் இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். வீட்டுக்குள் இருக்கும் பழுதைக் காது பிடிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனிக்கு ஒரு மைல் இருக்கும்போது ரோட்டில் ஒரு குழி. முன் சக்கரம் இறங்கி ஏறியது. புஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மணி அஞ்சு நாற்பது. சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நாற்பத்தாறு வயசில் அப்படி ஓடினது அதுதான் முதல் தடவை. ஓடும்போது மனசில் கம்பெனி இல்லை. ஹரிணி கடிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கைதான் இருந்தது. நான் வருகைக் கார்டைத் தேய்க்கும்போது ஐந்து ஐம்பத்தெட்டு.

சாப்பாட்டு வேளையில் டியூபை மாற்றப் போனேன். ஒரு டியூபும் சின்னப் பம்பும் பையில் இருந்தன. பிளாஸ்டிக் கரண்டிகளை வீட்டில் விட்டிருந்தேன். மாரெக்கிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி நெம்பினேன். அது புது டியூபையும் குத்திவிட்டது. மாரெக் பழைய டியூபை எடுத்துப் பார்த்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

“பாம்புக் கடி மாதிரி இருக்கிறது பார்” என்றான். “முள் குத்தவில்லை. காற்று குறைவாக இருந்ததால் குழியில் டியூப் நசுங்கியிருக்கிறது. ஏன் இவ்வளவு குறைவாக வைத்து ஓட்டுகிறாய்?”

இரண்டு மணிக்கு மாரீஸ்வரியைக் கூப்பிட்டேன். பஞ்சரானதைச் சொன்னேன். ஓடி வந்து சேர்ந்ததைச் சொன்னேன். மாரெக் காரில் கொண்டுவந்து விடுவான், நாளைக்கு அவனுக்கு வேறு ஷிப்ட், காலையில் டாக்சிதான் பிடிக்க வேண்டும், அது வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை, சைக்கிள் இங்கேயே கிடக்கட்டும் என்றேன். “காத்து கம்மியா இருந்ததாலதான் பஞ்சராம்” என்றும் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். அப்புறம்தான் அவள் பேசத் தொடங்கினாள். கார், ஏரோப்ளேன் எல்லாம் வந்தது அப்போதுதான்.

6

மூன்று மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் வயர் கூடை. இன்னொரு கையில் அந்த உயரமான கைப்பம்பை ஊன்றுகோல் மாதிரி பிடித்திருந்தாள். கேட்டருகே வந்ததும் ஒரு நிமிசம் நின்றாள். கொட்டகையில் மற்றவர்கள் சைக்கிள் எல்லாம் போயிருந்தன. என்னுடையது மட்டும் சாய்ந்து நின்றது. பக்கத்தில் நான் நின்று கையைக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

“பிள்ளைட்ட ஒரு சாவி இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சிமென்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அந்தக் குளிரில் வெறும் காலோடு. மருந்து அறைக்குள் போகும்போது அப்படித்தான் கழற்றி வைப்பார்கள். குத்துப்பட்ட டியூபை எடுத்து விரலால் தடவினாள்.

“இரும்ப வச்சா நோண்டுனீக?”

“கரண்டிய வீட்ல வச்சிட்டேன்.”

“இம்புட்டு வருசம் மெஷின் ஓட்டுனவரு. இரும்ப வச்சு நோண்டிருக்காரு.”

கூடையிலிருந்து மிச்சமிருந்த டியூபை எடுத்தாள். கரண்டியைக்கூட ஒரு தடவைதான் தொட்டாள். மற்றதெல்லாம் விரல். டயரின் உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கர வளையத்துக்குள் தள்ளிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“காத்த நான்தாங்க எறக்குனேன்.”

“என்ன?”

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழம ராத்திரியும். நீங்க அடிச்சு வச்சிட்டுத் தூங்கப் போவீகல்ல, அப்ப. கல்லு மாதிரி இருக்குறதப் பாத்தா எனக்கு ஈரக்கொல பதறுது. போற வழியில வெடிச்சுத் தொலச்சா? கொஞ்சமா எறக்கி விட்டா ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். நானே ஒங்க சோத்துல மண்ணள்ளிப் போடப் பாத்துருக்கேன்.”

எனக்குக் கோபம் வர வேண்டும். ஒரு மைல் ஓடின தோள் இன்னும் வலித்தது. இரண்டு நிமிசம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனால் முன்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு தினமும் அவள் நின்றதுதான் கண்ணில் வந்தது.

“நான் அடிக்கிறேன், குடு” என்று பம்புக்குக் கை நீட்டினேன்.

அவள் தரவில்லை. எழுந்து நின்று, பித்தளைத் திருகைத் தளர்த்தி, பம்பை மாட்டி, இரண்டு காலாலும் அதன் அடியை மிதித்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள். இருபது. நாற்பது. முள் ஐம்பதைத் தாண்டியதும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். அறுபதில் கண்ணை மூடிக்கொண்டாள். எழுபதில் என்னால் பார்க்க முடியவில்லை.

“போதும் மாரி. நாளைக்கு இது தாங்கும்.”

“எம்புட்டுன்னு சொன்னாரு கடைக்காரரு?”

“தொண்ணூறு.”

“இப்ப எம்புட்டு?”

“எழுபத்தஞ்சு.”

மறுபடியும் அடித்தாள். கண்ணைத் திறக்கவில்லை. நான் முள்ளைப் பார்த்து எண்பது, எண்பத்தஞ்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தொண்ணூறு என்றதும் நிறுத்தினாள். வெறும் காலோடு அந்த டயருக்கு முன்னாலேயே, அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. குனிந்து பெருவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. இந்த முறை கையை எடுக்கவில்லை.

பிறகு பித்தளைத் திருகை இறுக்கினாள். செருப்பை மாட்டினாள். கூடையையும் பம்பையும் என் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளைக் கம்பியிலிருந்து நிமிர்த்தித் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்து, கேட்டைத் தாண்டி வெளியே உருட்டிக்கொண்டு போனாள்.